பழைய ரிங்கைக் கேட்டு வாங்குங்கள்

என் மோட்டார் சைக்கிள் எண்ணெய் குடிக்கிறது என்னும் செய்தியை எனக்கு முதன்முதலில் அறிவித்தவன், சிக்னலில் எனக்குப் பின்னால் சைக்கிளில் நின்றுகொண்டு, சட்டைக் காலரால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்த ஒரு பள்ளிக்கூடத்துப் பையன். "அங்கிள், நீலப் புகையா வருது, ரிங் போயிருக்கும்" என்று, நாடி பார்த்த வைத்தியன் போலச் சொன்னான். அவன் சொன்னதில் பிழையில்லை. அந்த வார்த்தையை நம்பி நான் வண்டியை ஒரு பட்டறையில் விட்டதும், இரண்டு நாள் கழித்து 3,400 ரூபாய் கொடுத்து மீட்டுக்கொண்டதும், கொடுத்த பணத்துக்குத் துண்டுக் காகிதத்தில் பென்சிலால் போட்ட கூட்டல் கணக்கு ஒன்றைத் தவிர வேறெதையும் பெறாமல் வீடு திரும்பியதும், இரண்டு மாதத்துக்குள் அதே நீலப் புகை அதே குழாயிலிருந்து மறுபடியும் புறப்பட்டதும், நம் ஊரில் வண்டி வைத்திருக்கும் எவருக்கும் புதிய கதையாக இராது. ஆயினும் அந்தக் கதையில் நான் ஏமாந்த இடம் எது என்பதை விளங்கிக்கொள்ள எனக்கே வெகுநாள் பிடித்தபடியால், அதைச் சற்று விஸ்தாரமாகச் சொல்வது பிறருக்கு உபயோகப்படும் என்று கருதுகிறேன்.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினின் பிஸ்டனில் சாதாரணமாக மூன்று காடிகள் வெட்டியிருக்கும். மேலிரண்டு காடிகளில் உட்காரும் வளையங்களுக்கு, மேலே எரியும் வாயுவின் அழுத்தம் கீழே கசியாமல் காப்பது முக்கிய வேலை. மூன்றாவதாக, யாருடைய கண்ணிலும் படாமல் அடியில் கிடப்பதுதான் ஆயில் ரிங். சிலிண்டரின் சுவரில் எண்ணெய் இல்லாவிட்டால் பிஸ்டன் உராய்ந்து பிடித்துக்கொள்ளும். எண்ணெய் மிகுந்துவிட்டாலோ அது மேலேறிப் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து புகையாகும். இவ்விரு தீமைகளுக்கும் நடுவே, முடியிழையினும் மெல்லிய ஒரு படலத்தை மாத்திரம் சுவரில் விட்டுவிட்டு, மிச்சத்தை வழித்து, பிஸ்டனில் இட்டிருக்கும் துவாரங்களின் வழியாகக் கீழே அனுப்பிவிடுவது இதன் தொழில். நிமிஷத்துக்கு 6,000 சுற்றுச் சுற்றும் எஞ்சினில் பிஸ்டன் ஒரு விநாடியில் 200 தடவை சிலிண்டரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடுகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த வழிக்கிற வேலை எவ்வளவு நுட்பமானது என்பது தெரியும். வாய் பிளந்த உலோக வளையம் தன் சொந்த விறைப்பினாலேயே சுவரோடு ஒட்டி நிற்கும் என்ற யோசனையை 1850-களில் நீராவி எஞ்சினுக்காக உருவாக்கியவர் ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற ஆங்கில ரயில்வே இஞ்சினீயர். அதன் வம்சத்தில் வந்ததே நம் மோட்டார் சைக்கிளில் இருப்பதும்.

இன்றைய பெட்ரோல் வண்டிகள் பலவற்றில் ஆயில் ரிங் ஒற்றை வளையமாக வருவதில்லை. ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் பருமனுள்ள இரண்டு எஃகுத் தகடுகள் மேலும் கீழும் இருக்க, அவற்றுக்கு நடுவில் அலையலையாக மடித்த ஒரு வில் அவற்றை வெளிப்புறமாகத் தள்ளிக்கொண்டிருக்கும். பட்டறையில் அந்த வில்லை ஸ்பேசர் என்பார்கள். வளையத்தின் பலமெல்லாம் அந்த ஸ்பேசரின் விறைப்பில் அடங்கியிருக்கிறது. அதன் இரண்டு நுனிகளும் நேருக்கு நேர் முட்டி நிற்கவேண்டும். அவசரத்தில் மாட்டும்போது ஒரு நுனி மற்றொன்றின் மேல் ஏறிக்கொண்டால், விறைப்புப் போய்விடும், புது ரிங்கும் பழைய ரிங்கும் ஒன்றுதான்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. புகை திரும்பியதும் முதல் பட்டறைக்குப் போனேன். "கம்ப்ரெஷன் நல்லா இருக்கு சார், நீங்கதான் மட்டமான ஆயில் ஊத்தியிருப்பீங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அது கேட்பதற்கு நியாயமான பதிலாகவே பட்டது. கம்ப்ரெஷன் என்பது மேலிரண்டு வளையங்களும் வால்வுகளும் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதும், அது சிறப்பாக இருக்கும்போதே ஆயில் ரிங் அடியோடு கெட்டிருக்கலாம் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. பிறகு, நண்பர் ஒருவர் சொல்லி, வயதான ஒரு மெக்கானிக்கிடம் போனேன். பேட்டையில் எல்லாரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். ஹெட்டைக் கழற்றி, போர் என்று அவர்கள் சொல்லும் சிலிண்டரை உருவி, பிஸ்டனைத் துணியில் துடைத்து, என்னை வெளிச்சத்துக்கு அழைத்தார்.

"ஸ்பேசர் ஏறி உக்காந்திருக்கு பாருங்க சார்" என்றார். நகத்தால் நெம்பிக் காட்டிய இடத்தில், அரிசி நீளம்கூட இல்லாத ஒரு நுனி மற்றதன் மேல் படுத்திருந்தது.

"இதுக்கா பாய் இவ்வளவு புகை?"

"போரையும் தொட்டுப் பாருங்க. ஹோனிங்கே போடல. கண்ணாடி மாதிரி இருக்குதுல்ல? புது ரிங் எதுல உக்காரும்?"

சிலிண்டரின் உட்சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் இருக்கவேண்டும். அவற்றில்தான் எண்ணெய் தங்கும், புது ரிங் தேய்ந்து சுவரோடு இசைந்துகொள்வதும் அவற்றின் உதவியால்தான். ஓடி ஓடி வழுவழுப்பான சுவரில் ஹோனிங் போடாமல் ரிங்கை மாற்றுவது பெரும்பாலும் வீண் செலவு. பாய் புதிய மேல் ரிங்கைப் போருக்குள் விட்டு, பிஸ்டனின் தலையால் நேராகத் தள்ளி, அதன் வாய்க்குள் ஃபீலர் கேஜின் தகட்டை நுழைத்துப் பார்த்தார். மேல் ரிங்குகளுக்குப் பொதுவாக, 100 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வரையில் இந்த இடைவெளி இருப்பது வழக்கம். ஆயில் ரிங்கின் தகடுகளுக்குச் சற்று அதிகமும் ஒப்புக்கொள்வார்கள். இன்ன வண்டிக்கு இவ்வளவு என்ற கணக்கு அந்தந்த நிறுவனத்தின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கிறது. இடைவெளி மிகுந்திருந்தால் போர் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது லேத்துக்கு அனுப்பி ரீபோர் செய்து, 0.25 அல்லது 0.50 ஓவர்சைஸ் பிஸ்டனும் அதே அளவுள்ள ரிங்கும் போடவேண்டுமே தவிர, ஸ்டாண்டர்டு ரிங்கை மாட்டி அனுப்புவது சரியல்ல. இந்த அளவைப் பார்க்க ஐந்து நிமிஷம் பிடிக்காது. உங்கள் எதிரில் அளந்து காட்டச் சொல்லிக் கேட்பதில் அவமரியாதை ஒன்றும் இல்லை. நல்ல தொழிலாளிகள் சந்தோஷமாகவே காட்டுகிறார்கள்.

நீலப் புகை எல்லாம் ரிங்கின் குற்றம் என்று எண்ணிவிடுவதும் செலவில் கொண்டுபோய் விடும். காலையில் முதல் உதை உதைத்ததும் குபீரென்று ஒரு புகை வந்து நின்றுவிட்டால், அல்லது ஆக்ஸிலேட்டரை விட்டுச் சரிவில் இறங்கி மறுபடி முறுக்கும்போது மாத்திரம் வந்தால், வால்வ் சீல் என்னும் சிறு ரப்பர் துண்டின் மேல் முதலில் சந்தேகப்படவேண்டும். அதை மாற்றினால் போகிற வியாதிக்கு ரீபோர் வரைக்கும் செலவு வைக்கிறவர்களும் உண்டு. இழுவையில் ஏறும்போதெல்லாம் விடாமல் வந்தால் ரிங்கும் போரும். கறுப்புப் புகை எரிபொருள் மிகுதியைக் காட்டும். வெள்ளைப் புகை, தண்ணீரால் குளிரும் எஞ்சினில், தண்ணீர் உள்ளே கசிவதைக் காட்டலாம். பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டிக்காரர்கள் இந்தப் பஞ்சாயத்துக்கே வரவேண்டியதில்லை: அவற்றில் ஆயில் ரிங் கிடையாது, எண்ணெயைப் பெட்ரோலோடு எரிப்பதே அவற்றின் தர்மம்.

புகைதானே, போகட்டும் என்று விடுகிறவர்களுக்கு வரும் கேடு ஒன்றல்ல. வார்னிங் விளக்கு எரிவதற்குள், சில வண்டிகளில் அப்படியொரு விளக்கே இல்லாமல், எண்ணெய் குறைந்துகொண்டே போய்க் கேம்ஷாஃப்டும் பேரிங்கும் காய்ந்து, ஓடும்போதே எஞ்சின் சீஸ் ஆகிப் பின்சக்கரம் பூட்டிக்கொண்டால், அந்த நேரத்தில் பின்னால் லாரி வருகிறதா என்பது அவரவர் தலையெழுத்து. எரியும் எண்ணெயிலுள்ள பாஸ்பரஸ், புகைக்குழாயிலுள்ள கேட்டலிட்டிக் கன்வர்ட்டரின் மேல் படிந்து அதைச் செயலற்றதாக்குகிறது. பிஎஸ்-6 வண்டிகளில் அதை மாற்றும் செலவு, ரிங் வேலையின் செலவைப் போலப் பல மடங்கு. டீசல் எஞ்சினில் தேய்மானம் முற்றிப்போனால், அது தன் எண்ணெயையே எரிபொருளாக உறிஞ்சிக்கொண்டு, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் வெறிபிடித்து ஓடுவதுண்டு. சட்டத்தின் கண்ணிலும் இது அற்ப விஷயம் அன்று: மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2)-ஆம் பிரிவு, 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்துக்குப் பிறகு, மாசு விதியை மீறி வண்டி ஓட்டுகிறவருக்கு முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் கொடுக்கிறது.

ரிங் கெடுவதற்கு உடைமையாளரின் அலட்சியமும் காரணமாகலாம். எண்ணெய் மாற்றும் கெடுவைத் தள்ளிப்போட்டால், அது கரிபிடித்துத் தார்போல இறுகி, ஆயில் ரிங்கின் இடுக்குகளையும் பிஸ்டனின் துவாரங்களையும் அடைத்துவிடும். மற்றொரு காரணம் டூப்ளிகேட். செம்பியத்தில் 1949-இல் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸும், மறைமலைநகரில் ஐபி ரிங்ஸும் நம் மாநிலத்திலேயே இருக்க, அசல் ரிங்குக்குப் பஞ்சமில்லை. இருந்தும், பெட்டியும் ஸ்டிக்கரும் அச்சாக இருக்கும் போலிச் சரக்குகள் ஸ்பேர்ஸ் கடைகளில் நடமாடத்தான் செய்கின்றன. பிறருடைய வர்த்தகச் சின்னத்தைப் பொய்யாக இட்டு விற்பதற்கு, 1999-ஆம் வருஷத்து வர்த்தகச் சின்னச் சட்டப்படி ஆறு மாதத்துக்குக் குறையாத சிறையும் 50,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. இந்தச் சட்டத்தைத் துணைக்கு அழைக்க, பெட்டியும் அதன் மேலுள்ள பேட்ச் எண்ணும் உங்களிடம் இருக்கவேண்டும். அந்தப் பெட்டியோ பட்டறைக் குப்பையில் கிடக்கும்.

இனி உரிமைக்கு வருவோம். 2020 ஜூலை 20 முதல் அமலிலுள்ள 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விற்ற பொருளுக்கோ செய்த சேவைக்கோ பில் கொடுக்காமல் இருப்பதையே முறையற்ற வணிக நடவடிக்கைகளுள் ஒன்றாக வகுத்திருக்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. பில்லில் கெடு குறிப்பிடாவிட்டால் முப்பது நாள் என்று சட்டமே சொல்லுகிறது. வழக்கின் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்பதும் இல்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லிப் பார்ப்பது நல்லது. பல தகராறுகள் அங்கேயே சமரசமாகின்றன. வியாபாரத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகார் என்ற விதியைக் காட்டி ஆட்டோக்காரர்களையும் ஒற்றை லாரிச் சொந்தக்காரர்களையும் விரட்டப் பார்ப்பவர்கள் உண்டு. சுயதொழிலால் ஜீவனம் நடத்துவதற்கென்றே வாங்கிப் பயன்படுத்துவது வியாபார நோக்கமாகாது என்று சட்டத்தின் விளக்கம் தெளிவாகக் கூறுவதை அவர்கள் சொல்லமாட்டார்கள்.

பரிசோதிக்காமல் குறையைக் கண்டறிய முடியாத பொருளாக இருந்தால், ஆணையம் அதன் மாதிரியை முத்திரையிட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம். 45 நாளில் அறிக்கை வரவேண்டும் என்பது விதி. ரிங் போன்ற பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறில்லை. ஆனால் அனுப்புவதற்கு ரிங் எங்கே? கழற்றிய சாமானை வாடிக்கையாளரிடம் கொடுக்கும் வழக்கம் நம் பட்டறைகளில் அருகிவிட்டது. அது பழைய இரும்பு வியாபாரியிடம் போய்ச் சேரும். வேலைக்கு விடும்போதே, கழற்றிய சாமான்களும் புதுச் சாமான்களின் பெட்டிகளும் எனக்கு வேண்டும் என்று சொல்லி, ஜாப் கார்டிலோ வாட்ஸ்அப் செய்தியிலோ அதை எழுத்தில் வாங்கிக்கொள்வது நலம்.

மற்றொரு சாட்சியம், ஊற்றிய எண்ணெயின் கணக்கை எழுதிவைக்கும் நோட்டுப் புத்தகம். அமெரிக்காவில் டொயோட்டாவின் 2.4 லிட்டர் எஞ்சின் ஒன்று, 2007-ஐ ஒட்டிய வருஷங்களில் விற்ற கார்களில் எண்ணெயை அளவுமீறிக் குடித்தது. முறையீடுகள் வலுத்தபின் நிறுவனம் தன் உத்தரவாதத்தை நீட்டித்து, எண்ணெயை நிறைத்து 1,200 மைல் ஓட்டச்சொல்லி, ஒரு குவார்ட்டுக்கு மேல் குறைந்த கார்களுக்குப் பிஸ்டனையும் ரிங்கையும் இலவசமாக மாற்றிக் கொடுத்தது. 2022 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு ஜூரி, ரிங் கோளாறு சம்பந்தமான வழக்கொன்றில், ஜெனரல் மோட்டார்ஸ் தன் வாடிக்கையாளர்களுக்கு 10 கோடி டாலருக்கு மேல் கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. டொயோட்டா செய்யச்சொன்ன அந்த எண்ணெய்ப் பரீட்சையை நாமும் வீட்டிலேயே செய்யலாம். சமதரையில், எஞ்சின் ஆறியபின், டிப்ஸ்டிக்கைத் துடைத்து, உங்கள் கையேடு சொல்லுகிறபடி திருகியோ திருகாமலோ விட்டெடுத்து அளவு பார்த்து, மேல் கோடு வரை நிரப்பி, கிலோமீட்டரையும் தேதியையும் குறித்து, ஒவ்வொரு 500 கிலோமீட்டருக்கும் ஊற்றிய எண்ணெயை எழுதிவந்தால் போதும். "ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் வரை சகஜம்" என்று சில கார் நிறுவனங்கள் கையேட்டிலேயே எழுதியிருக்கின்றன. அது கார்களின் கணக்கு. மொத்தமே ஒரு லிட்டர் எண்ணெய் கொள்ளும் மோட்டார் சைக்கிளுக்கு அதை எடுத்துச் சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள்.

பாய் கழற்றிக் கொடுத்த அந்த ரிங்கை ஒரு தீப்பெட்டியில் போட்டுக்கொண்டு முதல் பட்டறைக்குப் போனேன். உரிமையாளர் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்; நுனி ஏறியிருந்த தடத்தையும் பார்த்தார். முகத்தில் ஒரு விகாரமும் இல்லை.

"சரி சார். இது நாங்க போட்ட ரிங்தான்னு என்ன அத்தாட்சி?"

என் சட்டைப்பையில் அந்தப் பென்சில் கணக்குத்தான் இருந்தது. அதில் கடையின் பெயர்கூட இல்லை.