ஓடுபவர் தண்ணீரைச் சுமப்பது எப்படி?

2004ம் ஆண்டு மும்பை மாரத்தான் தொடங்கிய பிறகு, நெடுந்தூர ஓட்டம் நம் நகரவாசிகளையும் பற்றிக்கொண்டது. விடிகாலை லோகலைப் பிடித்து சர்ச்கேட்டில் இறங்கி, மெரின் டிரைவில் ஓடுவோரில் தமிழர்களும் உண்டு. மாதுங்கா பைவ் கார்டன்ஸ், சிவாஜி பார்க் பக்கமும் நம்மவர்களைக் காணலாம்.

காலணிக்கு ஆயிரக்கணக்கில் செலவிடுகிறவர்கள்கூடத் தண்ணீரைப் பற்றி யோசிப்பதில்லை. ‘கையில் பாட்டில் ஒரு தொந்தரவு’ என்று வெறுங்கையுடன் கிளம்பிவிடுகிறார்கள். பந்தயத்தன்று வழிநெடுகத் தண்ணீர் கொடுக்க ஆட்கள் நிற்பார்கள். பயிற்சி நாளில் யார் நிற்பார்கள்?

1904ம் ஆண்டு அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் ஒலிம்பிக் போட்டி நடந்தது. கடும் வெயிலில், புழுதிச் சாலையில் மாரத்தான் ஓட்டம். வழியில் தண்ணீர் கிடைத்த இடங்கள் ஓரிரண்டுதான். புறப்பட்டவர் 32 பேர். ஓடி முடித்தவர் 14 பேர்!

எவ்வளவு தேவை?

மும்பையின் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை உலராமல் வழிந்தோடுவதால் உடம்பு எளிதில் குளிர்வதில்லை. ஒரு மணி நேர ஓட்டத்தில் அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை வியர்வை போகலாம். சிலருக்கு அதற்கு மேலும் போகும்.

உங்கள் அளவை அறிய எளிய வழி உண்டு. ஓடுமுன் எடை பாருங்கள். தண்ணீர் குடிக்காமல் ஒரு மணி நேரம் ஓடி, உடம்பைத் துடைத்துவிட்டு மறுபடியும் பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் போயிற்று என்று பொருள். அத்தனையையும் ஓடும்போதே ஈடுகட்ட வேண்டியதில்லை. தாகத்துக்கேற்பக் குடித்தால் போதும்.

கையா, இடுப்பா, முதுகா?

ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. அதை எங்கே சுமப்பது என்பதுதான் கேள்வி.

ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டத்துக்குப் பெரும்பாலோருக்குச் சுமையே வேண்டாம். கிளம்புமுன் ஒரு டம்ளர் போதும். ஒன்றரை மணி நேரம் என்றால் அரை லிட்டர் பாட்டிலைக் கையில் பிடிக்கலாம். ஆனால் ஒரே கையில் வைத்திருந்தால் தோள் வலிக்கும். அவ்வப்போது கை மாற்ற வேண்டும்.

இடுப்புப் பட்டையில் இருபுறமும் சிறு பாட்டில்களைச் செருகினால் கைகள் ஓய்வாக இருக்கும். பட்டை தளர்ந்தால் குலுங்கும். தோலை உராய்ந்து புண்ணாக்கும். இரண்டு, மூன்று மணி நேரம் ஓடுவோருக்கு, குழாய் வைத்து உறிஞ்சும் முதுகுப் பை உதவும். ஒன்றரை, இரண்டு லிட்டர் கொள்ளும். பைக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால் தண்ணீர் தளும்பாது. ஆனால் முதுகு வேகும். பையையும் குழாயையும் கழுவி உலர்த்தாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

செலவில்லாத வழி

சம்பளக்காரர்களுக்கு ஏற்ற வழி ஒன்று உண்டு. நேராக வெகுதூரம் போகாமல், ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுங்கள். தெரிந்த டீக்கடையில் பாட்டிலைக் கொடுத்து வைத்தால் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு மிடறு குடிக்கலாம். நேர்ப்பாதையில்தான் ஓட வேண்டுமென்றால், சிறு பிளாஸ்டிக் உறையில் இருபது ரூபாயை மடித்து வையுங்கள். வியர்வையில் நனையாது, எந்தக் கடையிலும் தண்ணீர் வாங்கலாம்.

அளவுக்கு மிஞ்சினால்...

பை நிறையத் தண்ணீர் இருக்கிறதே என்று குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து. இரத்தத்தில் உப்புச்சத்து நீர்த்துப் போகும். 2002ம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களில் 488 பேரின் இரத்தம் பரிசோதிக்கப்பட்டது. நூற்றுக்கு 13 பேருக்கு உப்புச்சத்து குறைந்திருந்தது. ஓடும்போது எடை கூடியவர்களுக்கே இது அதிகம் நேர்ந்தது என்று மருத்துவர்கள் கண்டார்கள்.

ஓடிய ஒருவர் வாந்தி எடுத்தால், பேச்சு குழறினால், புத்தி தடுமாறினால், ‘தண்ணீர் குடி’ என்று வற்புறுத்தாதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். குறையும் மிகையும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். வேறுபடுத்திச் சொல்ல மருத்துவரால்தான் முடியும்.

எந்த முறையைத் தேர்ந்தாலும் முதலில் சிறு தூரத்தில் பழகிப் பாருங்கள். ஓட்டத்தை முடித்துவிட்டு நேரே டியூட்டிக்குப் போக வேண்டியவர்கள் நம்மில் பலர். உடம்பு அதற்கும் மிச்சமிருக்க வேண்டும்.