மாணவர் நடத்தும் நாளிதழ்

நாளிதழ் என்றவுடன் பெரிய அச்சகமும், அனுபவம் மிக்க செய்தியாளர்களும், ஊதியம் பெறும் பணியாளர்களும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால், கல்லூரி மாணவர்களே செய்தி திரட்டி, எழுதி, திருத்தி, பக்கம் அமைத்து, பொருளும் ஈட்டி நடத்தும் நாளிதழ்களும் உலகில் உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் நூறாண்டுகளுக்கும் மேலாக இத்தகைய இதழ்கள் வெளிவருகின்றன. ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர் இதழ் 1873-ஆம் ஆண்டிலும், யேல் பல்கலைக்கழக மாணவர் நாளிதழ் 1878-ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டவை.

பகலில் வகுப்பறையில் அமர்ந்து பாடம் கேட்கும் மாணவர், மாலையில் அதே பல்கலைக்கழகத்தின் நிருவாகத்தை வினவும் செய்தியாளராக மாறுகிறார். இஃது எளிய செயலன்று. தமக்கு மதிப்பெண் இடுவோரைப் பற்றியும், தம்மோடு ஒரே விடுதியில் வாழ்வோரைப் பற்றியும் அவர் எழுத வேண்டியிருக்கிறது. அச்சத்திற்கு இடங்கொடுத்தால் உண்மை மறையும். அவசரத்திற்கு இடங்கொடுத்தால் பொய் பரவும். இவ்விரண்டிற்கும் இடங்கொடாமல் ஓர் இதழை நடத்துவது எவ்வாறு? அதற்குரிய விடை, இதழ் அமைக்கப்பட்டுள்ள முறையிலேயே அடங்கியுள்ளது. கலிபோர்னியா மாநிலத்தில் வெளிவரும் ‘ஸ்டான்போர்டு டெய்லி’ என்னும் மாணவர் நாளிதழைக் கொண்டு இதனை அறியலாம்.

தோற்றமும் வளர்ச்சியும்

இளமையிலேயே இறந்த தம் ஒரே மகனின் நினைவாக லேலண்டு ஸ்டான்போர்டு, ஜேன் ஸ்டான்போர்டு இணையர் நிறுவிய ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் 1891-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, அதாவது 1892-இல், அங்குப் பயின்ற மாணவர்கள் ஒரு நாளிதழைத் தொடங்கினர். அதன் முதற்பெயர் ‘டெய்லி பாலோ ஆல்டோ’ என்பதாகும். 1926-இல் அது ‘ஸ்டான்போர்டு டெய்லி’ எனப் பெயர் மாற்றம் பெற்றது.

நெடுங்காலம் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாகவே இருந்த அவ்விதழ், 1973-ஆம் ஆண்டில் தனித்து நிற்கத் தொடங்கியது. மாணவர்கள் இலாப நோக்கமற்ற தனி நிறுவனம் ஒன்றை அமைத்து, இதழின் முழுப் பொறுப்பையும் அதனிடம் ஒப்படைத்தனர். அன்று முதல், எதனை வெளியிடுவது, எதனை விடுப்பது என்று முடிவு செய்யும் உரிமை மாணவர்களுக்கு உரியதாயிற்று. வெளியிடுவதற்கு முன் செய்தியை நிருவாகத்திடம் காட்டி இசைவு பெற வேண்டும் என்னும் நிலை இல்லை. உரிமை வந்தபோது பொறுப்பும் உடன் வந்தது. செய்தியில் பிழை நேர்ந்தால், அதற்கு விடை கூற வேண்டியவர்களும் மாணவர்களே.

ஆசிரியர் குழு

இதழின் தலைமைப் பொறுப்பில் இருப்பவர் முதன்மை ஆசிரியர். அவரைப் பல்கலைக்கழக நிருவாகம் நியமிப்பதில்லை. இதழில் பணியாற்றும் மாணவர்களே தேர்ந்தெடுக்கின்றனர். இதழ்களின் வரிசை ‘தொகுதி’ என்று எண்ணப்படுகிறது. ஒரு தொகுதி ஏறக்குறைய அரையாண்டு நீடிக்கும். தொகுதி மாறும்போது பொறுப்புகளும் கைமாறுகின்றன. எவரும் நெடுங்காலம் ஒரே பதவியில் அமர்ந்திருக்க இயலாது.

முதன்மை ஆசிரியருக்குத் துணையாக நிருவாக ஆசிரியர்கள் உள்ளனர். அவர்களுக்குக் கீழே செய்தி, விளையாட்டு, கலை, கருத்துரை என ஒவ்வொரு பிரிவுக்கும் பிரிவு ஆசிரியர்கள் உள்ளனர். பிரிவு ஆசிரியரின் வழிகாட்டுதலில் செய்தியாளர்கள் பணியாற்றுகின்றனர். இவர்களேயன்றி, ஒளிப்படக் கலைஞர், பக்க வடிவமைப்பாளர், ஓவியர், பிழை திருத்துவோர், இணையதளத்தைப் பேணுவோர் ஆகியோரும் உண்டு.

செய்திப் பிரிவும் கருத்துப் பிரிவும் தனித்தனியே இயங்குவது குறிப்பிடத்தக்கது. நடந்ததை நடந்தவாறே உரைப்பது செய்தி. அதனைப் பற்றித் தம் எண்ணத்தைக் கூறுவது கருத்துரை. தலையங்கம் எழுதுவோர் வேறு, செய்தி திரட்டுவோர் வேறு என்று வகுத்துக்கொண்டால்தான், செய்தியில் சொந்த விருப்பு வெறுப்புக் கலந்துவிட்டதோ என்னும் ஐயம் படிப்போருக்கு எழாது.

செய்தி உருவாகும் முறை

மாணவர் இதழ்களில் ஒரு செய்தி எவ்வாறு உருவாகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். விடுதியின் உணவுக் கட்டணம் உயரப்போகிறது என்று மாணவரிடையே பேச்சு எழுகிறது எனக் கொள்வோர், அதனைச் செய்தியென்று கருதலாம். ஆனால், பேச்சு வேறு, செய்தி வேறு. பிரிவு ஆசிரியர் ஒரு செய்தியாளரிடம் அதனை ஆராயும் பணியை ஒப்படைக்கிறார். அச்செய்தியாளர் முதலில் கட்டணம் குறித்த ஆவணத்தைத் தேடுகிறார். பிறகு விடுதி அலுவலரையும், உணவுக்கூடப் பணியாளரையும், மாணவர்களையும் நேரில் கண்டு பேசுகிறார். ஒருவர் கூறியதை மற்றொருவர் வாயிலாகவோ ஆவணத்தின் வாயிலாகவோ உறுதி செய்துகொள்கிறார்.

எவர்மீதேனும் குறை கூறப்படுமாயின், அவருக்கு விடையளிக்க வாய்ப்பும் போதிய நேரமும் அளிக்கப்பட வேண்டும். அவர் அளிக்கும் விடையும் செய்தியில் இடம்பெற வேண்டும். அவர் பேச மறுத்தால், மறுத்தார் என்பதும் எழுதப்பட வேண்டும். விடுதி அலுவலர் செய்தியாளரின் உறவினராகவோ நெருங்கிய நண்பராகவோ இருப்பின், அப்பணி வேறொருவருக்கு மாற்றப்பட வேண்டும். ஒரே வளாகத்தில் வாழும் மாணவர்களுக்கு இவ்விதி மிகவும் இன்றியமையாதது.

எழுதி முடித்த செய்தி உடனே வெளிவந்துவிடுவதில்லை. பிரிவு ஆசிரியர் அதனைப் படித்து, ‘இதற்குச் சான்று யாது? இதனைக் கூறியவர் யார்? இந்தத் தொகை எங்கிருந்து கிடைத்தது?’ என்று வினவுகிறார். அடுத்து நிருவாக ஆசிரியர் படிக்கிறார். இறுதியாகப் பிழை திருத்துவோர், பெயர்களின் எழுத்துகளையும் நாள்களையும் எண்களையும் சரிபார்க்கின்றனர். பின்னரே தலைப்பும் ஒளிப்படமும் சேர்க்கப்படுகின்றன. இவ்வாறு ஒரு செய்தி பலர் கண்களைக் கடந்து வருகிறது. ஒருவர் காணத் தவறியதை மற்றொருவர் காண்பார் என்பதே இம்முறையின் அடிப்படை.

இத்தனைக்குப் பிறகும் பிழை நேர்வதுண்டு. அப்போது அதனை மறைக்காமல், எது தவறு, எது சரி என்று திருத்தம் வெளியிடுவது நல்ல இதழின் கடமை. பிழையை ஒப்புக்கொள்ளும் இதழையே மக்கள் நம்புவர்.

பொருள் வளம்

அச்சுக்கும், கணினிக்கும், இணையதளத்திற்கும் பொருள் வேண்டும். விளம்பரக் கட்டணம், முன்னாள் மாணவர் அளிக்கும் நன்கொடை, சில இடங்களில் மாணவர் செலுத்தும் கட்டணத்தின் ஒரு பகுதி ஆகியவை மாணவர் இதழ்களுக்குப் பொருள் வரும் வழிகள். ஸ்டான்போர்டு டெய்லியின் முன்னாள் ஆசிரியரான லாரி லோக்கி என்பவர் அளித்த கொடையால், அவ்விதழுக்கென்றே கட்டப்பட்ட கட்டடம் 2009-இல் திறக்கப்பட்டது.

விளம்பரம் திரட்டுவதும் கணக்கு எழுதுவதும் வணிகப் பிரிவின் பணிகள். இப்பிரிவுக்கும் ஆசிரியர் குழுவிற்கும் இடையே ஒரு சுவர் உண்டு என்பர். விளம்பரம் தந்த கடைக்காரரைப் பற்றிக் குறை கூறும் செய்தி வந்தாலும், அதனை நிறுத்துமாறு கூற வணிகப் பிரிவினருக்கு உரிமை இல்லை. பொருள் தருபவர் செய்தியை ஆளத் தொடங்கினால், படிப்பவர் ஏமாற்றப்படுவார்.

இதழுக்கு நேர்ந்த சோதனை

1971-ஆம் ஆண்டு ஏப்ரல் 9 அன்று, ஆர்ப்பாட்டக்காரர்கள் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மருத்துவமனையின் நிருவாக அலுவலகத்தைக் கைப்பற்றினர். அவர்களை வெளியேற்றச் சென்ற காவலர்களுள் 9 பேர் மோதலில் காயமுற்றனர். ஏப்ரல் 11 அன்று மாணவர் நாளிதழின் சிறப்புப் பதிப்பு, அந்நிகழ்ச்சியின் ஒளிப்படங்களுடன் வெளிவந்தது. காவலரைத் தாக்கியோரை அடையாளம் காட்டும் வேறு படங்களும் இதழிடம் இருக்கலாம் என்று கருதிய காவல்துறையினர், மறுநாள் நீதிமன்ற ஆணையுடன் இதழின் அலுவலகத்திற்குள் நுழைந்தனர். மேசைகள், கோப்புகள், ஒளிப்பட அறை, குப்பைக்கூடை ஆகிய அனைத்தையும் சோதித்தனர். ஏற்கெனவே வெளியான படங்களைத் தவிர வேறொன்றும் கிட்டவில்லை.

அலுவலகத்தில் படம் கிட்டவில்லையே என்று மாணவர்கள் அமைதி கொள்ளவில்லை. செய்தியாளரை நம்பிப் பலர் மறைவாகச் செய்தி கூறுகின்றனர்; அவர்களுடைய பெயர்கள் குறிப்பேடுகளில் உள்ளன; எந்த நேரத்திலும் காவலர் நுழைந்து அவற்றைப் படிக்கலாம் என்றால், இனி எவர் உண்மையைக் கூற முன்வருவர் என்று அவர்கள் எண்ணினர். எனவே வழக்குத் தொடுத்தனர். கீழ் நீதிமன்றங்களில் வென்றனர். ஆனால், 1978-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஐவர் காவல்துறைக்குச் சார்பாகவும் மூவர் எதிராகவும் தீர்ப்பளிக்க, மாணவர் தரப்புத் தோற்றது.

எனினும், அத்தோல்வி வீண்போகவில்லை. தீர்ப்பைக் கண்டு நாடெங்கும் இதழாளர்கள் கவலை தெரிவித்தனர். 1980-ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம் புதிய சட்டம் ஒன்றை இயற்றியது. செய்தியாளரின் குறிப்புகளையும் படங்களையும் தேடிக் கைப்பற்றும் அதிகாரத்திற்கு, ஒருசில விலக்குகளைத் தவிர, அச்சட்டம் தடை விதித்தது. ஒரு மாணவர் இதழ் தொடுத்த வழக்கு, நாட்டின் இதழ்கள் அனைத்திற்கும் காப்பாக அமைந்த சட்டத்திற்கு வழிகோலியது.

முதலாண்டு மாணவர் எழுப்பிய வினா

அரை நூற்றாண்டுக்குப் பின் மற்றொரு நிகழ்ச்சி நேர்ந்தது. அப்போது ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத் தலைவராக இருந்தவர் புகழ்பெற்ற மூளை அறிவியலறிஞர். அவர் பங்கேற்று எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் சிலவற்றில், படங்கள் மாற்றப்பட்டுள்ளன என்னும் ஐயம் அறிவியலாளரிடையே எழுந்திருந்தது. 2022 நவம்பரில் முதலாண்டு மாணவரான தியோ பேக்கர் அதனை ஆராய்ந்து ஸ்டான்போர்டு டெய்லியில் எழுதத் தொடங்கினார். பல்கலைக்கழக ஆட்சிக்குழு விசாரணைக்கு ஏற்பாடு செய்தது.

2023 ஜூலையில் அறிஞர் குழுவின் அறிக்கை வெளிவந்தது. தலைவர் தாமே தரவுகளை மாற்றியதற்குச் சான்று இல்லை என்று அது கூறியது. ஆனால், அவர் பங்கேற்ற சில கட்டுரைகளில் பிறர் செய்த முறைகேடுகள் இருந்தன என்றும், பிழைகளைத் திருத்த அவர் உரிய நேரத்தில் முனையவில்லை என்றும் குறிப்பிட்டது. தலைவர் பதவி விலகுவதாக அறிவித்தார். சில கட்டுரைகளைத் திரும்பப் பெறவும் இசைந்தார். பேக்கர், இதழியலுக்குரிய ஜார்ஜ் போல்க் விருதை மிக இளம் வயதில் பெற்றவர் ஆனார்.

அவ்வறிக்கை நாளிதழுக்கும் ஒரு பாடம் கூறியது. 2009-இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையில் மோசடி நிகழ்ந்ததாக இதழில் வந்த குற்றச்சாட்டு தவறாகத் தோன்றுகிறது என்று குழு கருதியது. ஆயினும் அக்கட்டுரை உரிய தரத்தில் அமையவில்லை என்பதையும் சுட்டியது. துணிவுடன் வினவுவது எவ்வளவு தேவையோ, அவ்வளவு தேவை ஒவ்வொரு சொல்லையும் நிறுத்து எழுதுவது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. ஒரு சொல் ஒருவருடைய வாழ்நாள் பெயரைக் கெடுத்துவிடக் கூடும்.

நிறைவாக

மாணவர் இதழுக்கு ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. தேர்ந்த ஆசிரியர் ஒருவர் உருவாகும்போதே, அவர் பட்டம் பெற்று வெளியேறும் நாளும் நெருங்கிவிடுகிறது. ஆகவே, மூத்தோர் இளையோருக்குக் கற்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்று பிழை திருத்தக் கற்பவர் நாளை பிரிவு ஆசிரியர். அடுத்த ஆண்டில் முதன்மை ஆசிரியர். 1892 முதல் இன்றுவரை அந்த இதழ் நின்று நிலைப்பதற்கு, இவ்வாறு கைமாறி வரும் பயிற்சியே காரணம்.

பள்ளியின் சுவரிதழோ கையெழுத்து இதழோ அளவிற் சிறியதாயினும், அதற்கும் இவ்விதிகள் பொருந்தும். எழுதுபவர் ஒருவர், சரிபார்ப்பவர் மற்றொருவர் என்று பணியைப் பகிர்ந்துகொள்ளுதல், இரு தரப்பையும் கேட்டு எழுதுதல், பிழையை ஒப்புக்கொள்ளுதல் ஆகிய மூன்றும் இருப்பின், ஒரே ஒரு தாளில் எழுதி ஒட்டப்படும் இதழும் நம்பத்தக்க இதழே ஆகும்.

பயிற்சி

1. ஸ்டான்போர்டு டெய்லி 1973-இல் பெற்ற உரிமை யாது? அதனுடன் வந்த பொறுப்பு யாது?
2. செய்திக்கும் கருத்துரைக்கும் உள்ள வேறுபாட்டைச் சொந்த எடுத்துக்காட்டுடன் விளக்குக.
3. வழக்கில் தோற்றும் மாணவர் முயற்சி வீண்போகவில்லை என்பது எவ்வாறு பொருந்தும்?
4. குறை கூறப்பட்டவருக்கு விடையளிக்க நேரம் தருவது ஏன் தேவை? ஐந்து வரிகளில் எழுதுக.
5. வகுப்பு மாணவர்கள் குழுவாகப் பிரிந்து, பணிகளைப் பகிர்ந்துகொண்டு, பள்ளி நிகழ்ச்சி ஒன்றைப் பற்றித் தமிழில் ஒரு சுவரிதழ் உருவாக்குக.