செருப்பால் நிற்கும் சைக்கிள்

சென்ற மாரி தொடங்குவதற்குச் சற்று முன்னர், மல்லாகத்துக்கு அண்மையிலுள்ள ஒரு சனசமூக நிலையத்தில் விதை வெங்காயம் பற்றிய கூட்டம் ஒன்றை நடத்தினோம். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது வாசலில் கழற்றி விட்டிருந்த செருப்புகள் கண்ணிற் பட்டன. பல சோடிகளில் இடது செருப்பு நல்லபடியாக இருந்தது. வலது செருப்பின் அடி மட்டும் கடதாசிபோல் தேய்ந்திருந்தது. ஒன்றிரண்டில் ஓட்டையும் விழுந்திருந்தது. நடப்பதால் ஒரு கால் மட்டும் இப்படித் தேயுமா என்று பக்கத்தில் நின்ற ஐயாவிடம் கேட்டேன்.

"நடந்து தேயேல்லை சுவாமி. உதுதான் எங்கடை பிறேக்" என்றார் அவர்.

வேலியோரம் சாத்தியிருந்த சைக்கிள்களைப் போய்ப் பார்த்தேன். சிலவற்றில் பிறேக் கட்டை இருந்த இடத்தில் வெறும் இரும்புக் கூடு மட்டும் இருந்தது. சிலவற்றில் முன்பிறேக்கின் கம்பியையே கழற்றி எறிந்திருந்தார்கள். பாதிக்கு மேற்பட்டவை காலால் நிற்கும் சைக்கிள்கள்தாம்.

இந்தத் தேய்வுக்கு ஒரு காரணம் உண்டு. வலிகாமம் வடக்கில் அன்று வீடும் தோட்டமும் ஒரே வளவில் அல்லது ஓர் ஒழுங்கை தள்சி இருந்தன. 1990இல் அங்கிருந்து வெளியேறியவர்களின் காணிகள் 2009இன் பின்னர் கட்டம் கட்டமாக விடப்பட்டு வருகின்றன. இன்னும் விடப்படாதவையும் உண்டு. காணி கிடைத்தாலும் வீடு இல்லை, கிணறு தூர்ந்து கிடக்கிறது, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இங்கே இருக்கிறது. ஆகவே இருப்பது ஓரிடம், தோட்டம் வேறோரிடம் என்றாகிவிட்டது. ஒரு வழிக்கு 8 கிலோமீற்றர் என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 16. மாதத்தில் 25 நாள் போய்வந்தால் 400. வருடத்தில் 4,800 கிலோமீற்றர். முன்பு கோவிலுக்கும் சந்தைக்கும் மட்டும் ஓடிய அதே சைக்கிள் இப்போது இவ்வளவு தூரம் ஓடுகிறது.

ஆயினும் பிறேக்கைத் தேய்ப்பது தூரம் அன்று. இதைப் பலர் தவறாக விளங்கியிருக்கிறார்கள். ஓடும் வண்டியின் வேகத்தை உரசலால் வெப்பமாக மாற்றுவதே பிறேக்கின் வேலை. வேகமாக வந்து பிறேக் பிடித்து நிறுத்தியவுடன் றிம்மைத் தொட்டுப் பாருங்கள், சூடு தெரியும். ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் கட்டையின் இறப்பர் சிறிது உதிர்கிறது. ஆகவே எத்தனை கிலோமீற்றர் ஓடினோம் என்பதைவிட எத்தனை தடவை நின்றோம், என்ன பாரத்தோடு நின்றோம், என்ன வேகத்தில் வந்து நின்றோம் என்பதே கணக்கு. பஸ் சாரதிகளைக் கேட்டால் இதையே சொல்வார்கள். நெடுஞ்சாலையில் நீளமாக ஓடும் வண்டியைவிட, சந்திக்குச் சந்தி ஆள் ஏற்றி இறக்கும் வண்டிக்கு பிறேக் லைனர் விரைவில் முடிந்துவிடும். நகரத்தில் தினமும் வேலைக்குப் போய்வரும் காருக்கும் அப்படியே.

பாரத்தின் கணக்கைப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ளவர் 20 கிலோ சைக்கிளில் வந்தால் நிறுத்த வேண்டியது 80 கிலோ. கரியரில் 80 கிலோ விறகு கட்டினால் 160. அதே வேகத்தில் நிறுத்துவதற்கு பிறேக் இருமடங்கு வேலை செய்ய வேண்டும். வேகம் இன்னும் பொல்லாதது. வேகம் இருமடங்கானால் வேலை நான்கு மடங்காகும். வெறும் சைக்கிளில் மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் போகிறவரையும், விறகோடு 30இல் வருகிறவரையும் ஒப்பிட்டால் எட்டு மடங்கு வேறுபாடு. இதைச் செருப்பால் நிறுத்தப் பார்க்கிறோம்! முன் ரயரில் காலை வைத்து அழுத்தும்போது செருப்பு சில்லுக்குள் இழுபட்டால் ஆள் ஹாண்டிலுக்கு மேலால் போய் விழுவார். பாரில் பிள்ளை இருந்தால் பிள்ளைதான் முதலில் விழும்.

எங்கள் மண்ணுக்கும் இதில் ஒரு பங்குண்டு. தோட்டத்துச் செம்மண் ஈரத்தோடு றிம்மில் ஒட்டிக் காய்ந்து, பிறகு கட்டைக்குள் புதைந்து அரம்போல் வேலை செய்கிறது. கட்டையும் போகும், றிம்மும் போகும். மழைக்காலத்தில் துன்பம் இரட்டிப்பாகிறது. எங்களிடம் உள்ளவை பெரும்பாலும் மினுக்கிய இரும்பு றிம்கள். அவை நனைந்தால் இறப்பர் வழுக்கும், நிறுத்தும் தூரம் பல மடங்கு நீண்டுவிடும். சந்தி வருவதற்கு நன்றாக முன்னரே பிறேக்கை மெதுவாகத் தொட்டுப் பிடித்துச் சில்லைச் சில சுற்று ஓடவிட்டால் தண்ணீர் துடைபட்டுவிடும். செயினுக்கு விடும் எண்ணெய் ஒரு துளி றிம்மில் பட்டாலும் மழையைவிட மோசம்.

1990களில், நான் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது, உதிரிப்பாகம் கிடையாமல் பழைய ரயரை வெட்டிக் கட்டையாகச் சொருகினோம். அதுவும் ஓரளவு பிடித்தது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பக்கம் நகர்ந்தபோது மட்டும் எவருக்கும் பிறேக் தேவைப்படவில்லை. சனநெருக்கத்தில் சைக்கிளை உருட்டத்தான் முடிந்தது.

இன்று கட்டை கடையில் தாராளமாகக் கிடைக்கிறது. ஒரு சோடி செருப்பைவிட மலிவு. இருந்தும் ஏன் போடுவதில்லை என்று கேட்டேன். "சைக்கிள் ஓடுதுதானே சுவாமி, ஓடாட்டித்தானே திருத்த வேணும்" என்றார் ஒருவர். அதில் உண்மை இருக்கிறது. ரயர் வெடித்தால் அன்றே ஒட்ட வேண்டும், இல்லையேல் வேலை கெடும். பிறேக் தேய்ந்தாலோ வண்டி இன்னும் சுகமாக ஓடும்! ஆதலால் அது கடைசிச் செலவாகி விடுகிறது. வாழ்வாதார உதவியாகச் சைக்கிள் கொடுத்த எங்களிலும் பிழையுண்டு. கொடுத்தோம், படம் எடுத்தோம். இரண்டு சோடி கட்டையும் ஒரு சாவியும் சேர்த்துக் கொடுக்க எவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

கட்டை மாற்றுவது பத்து நிமிட வேலை. இறப்பரின் கீழிருக்கும் இரும்பு றிம்மைத் தொடுமுன்னர் மாற்றிவிடுங்கள்; தொட்டுவிட்டால் றிம்மும் போய்விடும். கட்டைக் கூட்டின் ஒரு முனை திறந்தும் மறு முனை மூடியும் இருக்கும். மூடிய முனை, சில்லு சுழலும் திசையை நோக்கி இருக்க வேண்டும். மாறிப் பூட்டினால் பிறேக் பிடித்தவுடன் இறப்பர் வழுகி வெளியே பறக்கும். முன்பிறேக்கைக் கழற்றுவது பெரும் பிழை. பிறேக் பிடிக்கும்போது பாரம் முன்பக்கம் சாய்வதால் முன்சில்லுத்தான் நன்றாக நிறுத்தும். குப்புற விழுவோம் என்ற பயம் நியாயமானது. முன்பிறேக்கைத் திடீரென்று இறுக்காமல், இரண்டையும் சேர்த்துப் படிப்படியாகப் பிடித்தால் விழமாட்டோம். கட்டை தேயத் தேயக் கம்பியின் நட்டை இறுக்கிக் கொள்ளவும் வேண்டும்.

மோட்டார் சைக்கிள் வைத்திருப்போருக்கு ஒரு சொல். மணிக்கு 50 கிலோமீற்றரில் ஓடும்போது ஒரு விநாடியில் 14 மீற்றர் போய்விடுகிறீர்கள். ஆபத்தைக் கண்டு கால் பிறேக்கில் அழுந்துவதற்கே ஏறத்தாழ ஒரு விநாடி செல்லும். பின்சில்லின் டிரம்மைக் கழற்றும்போது உள்ளேயிருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள், பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். பழைய லைனர்கள் பலவற்றில் அஸ்பெஸ்டஸ் கலந்திருந்தது. அந்தத் தூசி நுரையீரலில் தங்கிப் பல வருடங்களின் பின் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. ஈரத்துணியால் துடைத்து, துணியை ஒரு பையில் கட்டி எறிந்துவிடுங்கள்.

மறு கூட்டத்துக்கு நாங்கள் உரப்பையோடு ஒரு பெட்டி கட்டையும் கொண்டு போனோம். இளைஞர் இருவர் சாவிகளோடு வேப்பமரத்தடியில் இருந்துகொண்டார்கள். முதல் சைக்கிள் அந்த ஐயாவுடையது. பூட்டி முடிந்ததும் ஏறி ஒழுங்கை முனை வரை போய் வந்தார். வாசலில் வந்து பிறேக்கைப் பிடித்தபோதும் பழக்கத்தில் வலது காலும் ரயரை நோக்கிப் போனது.

"கால் மறக்க இன்னும் நாள் எடுக்கும் சுவாமி" என்றார்.