நரைத்த மூக்குக்கும் ஒரு வீடு

நாய் தத்தெடுக்கக் காப்பகத்துக்கு வருகிறவர்கள் நேரே குட்டிகளிடம்தான் போவார்கள். மூக்கைச் சுற்றி நரைத்துப்போன நாய் எழுந்து வந்து வாலாட்டினாலும், ‘பாவம், வயசாயிடுச்சு’ என்று நகர்ந்துவிடுவார்கள். எங்கள் ரோஸி அப்படி நகர்ந்துபோன பலரைப் பார்த்தவள். ஒன்பது வயது லாப்ரடார். வளர்த்தவர்கள் ஊர் மாறியபோது விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வளர்த்த பிராணியைப் பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி கைவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அது பலருக்குத் தெரிவதேயில்லை.

நான் அவளை முதலில் ‘ஃபாஸ்டர்’ முறையில்தான் அழைத்து வந்தேன். நாய் காப்பகத்தின் பொறுப்பிலேயே இருக்கும். வளர்வது நம் வீட்டில். மருந்துச் செலவு யாருடையது என்பது இடத்துக்கு இடம் மாறும், முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். வயதான நாய்க்கு இதுதான் சரியான வழி என்பது என் கட்சி. நாலாபுறமும் குரைப்புச் சத்தம் கேட்கும் கூண்டில் ஒரு நாயின் உண்மையான குணம் தெரியாது. வீட்டுக்கு வந்து, பயம் தெளிந்து, நிம்மதியாகத் தூங்கி எழுந்த பிறகுதான் தெரியும்.

பெரிய இன நாய்களுக்கு ஏழு வயதை ஒட்டியே முதுமை தொடங்கிவிடும். சிறிய இனங்களுக்கு இன்னும் சில வருஷம் தள்ளி. ஆனால் லாப்ரடார் பன்னிரண்டு வயதுவரை இருப்பது சாதாரணம். கண்ணில் நீலம் பாய்ந்த மங்கல் தெரிந்தால் குருடு என்று முடிவுகட்ட வேண்டாம். வயதில் கண்ணின் லென்ஸ் இறுகுவதால் வருவது அது. பார்வை பெரும்பாலும் இருக்கும். வெள்ளையாகப் படரும் கண்புரை வேறு.

ரோஸி தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். பழைய வீட்டு ஏக்கம் என்றார்கள் பக்கத்து வீட்டில். டாக்டர் வாயைத் திறந்து பார்த்தார்: கடைவாய்ப் பற்கள் சொத்தை, ஈறெல்லாம் வீக்கம். பற்களைப் பிடுங்கி, புண் ஆறியதும் குழைந்த சாதமும் கோழியும் தட்டில் மிஞ்சவில்லை. வயதான நாய் வந்ததும் பல், ரத்தம், சிறுநீர் மூன்றையும் பார்த்துவிடுவது நல்லது. தண்ணீர் அளவுக்கு மீறிக் குடித்தால் சிறுநீரகக் கோளாறாகவோ சர்க்கரையாகவோ இருக்கலாம்.

எங்கள் வீட்டு டைல்ஸ் தரைதான் அவளுக்கு எதிரி. எழும்போது பின்னங்கால்கள் விலகி வழுக்கும். கூடத்திலிருந்து சமையலறைவரை ரப்பர் பாய் விரித்தோம்; நடையில் தைரியம் வந்தது. மூட்டு வலிக்கிறதே என்று நம் வீட்டு மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் நாயின் குடலில் ரத்தம் கசிய வைக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். நாய்களுக்கென்றே வலி மருந்து இருக்கிறது. டாக்டர் அளவு சொல்வார்.

அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. துள்ளும் குட்டி காலைத் தட்டிவிட்டால் இடுப்பெலும்பு என்னாவது? ரோஸியோ மொட்டை மாடியில் அம்மாவின் வேகத்துக்கே நடக்கிறாள், அவள் நின்றால் நிற்கிறாள். பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு வயதான நாய் எவ்வளவு பொருத்தம் என்பதை அங்கேதான் பார்த்தேன்.

ரோஸியைக் கேட்டு வேறு யாரும் வரவில்லை. “இவளை எங்கேயாவது அனுப்பப் போறியாடி?” என்றாள் அம்மா ஒருநாள். அந்த வாரமே தத்துப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். ரேபிஸ் தடுப்பூசிச் சான்றைக் காட்டி மாநகராட்சி உரிமமும் வாங்கியாயிற்று. இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. ஆட்டோவில் அம்மாவும் ஏறிக்கொள்கிறாள். டாக்டரிடம் கேள்வி கேட்பதெல்லாம் அவள்தான்.