நன்றி போட்டால் அனுமதி ஆகாது

கிண்ணியாவைப் பற்றி ஆய்வு செய்பவர்கள் பெரும்பாலும் ஒரு படத்தைத் தேடுவார்கள்: 2009இல் பாலம் திறக்கப்படும் முன் ஆட்களையும் வாகனங்களையும் அக்கரை சேர்த்த ‘பாதை’ எனும் மிதவை. அது முகநூலில் அகப்பட்டதும் ஆய்வேட்டில் ஒட்டி, ‘நன்றி: முகநூல்’ என்று எழுதிவிடுகிறார்கள். படத்தை எடுத்தவர் முகநூல் அல்லவே! பதிப்புரிமை எடுத்தவருக்குரியது; அவர் அதை எங்கும் பதிவு செய்திருக்கத் தேவையில்லை.

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆக்கியோனின் ஆயுட்காலமும் மறைவுக்குப் பின் 70 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும். மௌத்தாகி முப்பது வருடமான புலவரின் தொகுப்பை முழுதாகப் பின்னிணைப்பில் சேர்ப்பதென்றால், அவருடைய வாரிசுகளிடம் போய்க் கேட்கத்தான் வேண்டும். நூலகம் இணையத்தளத்தில் வாசிக்கக் கிடைப்பதாலேயே ஒரு நூலை மறுபடி அச்சிட உரிமை வந்துவிடாது.

ஆய்வுக்கும் விமர்சனத்துக்கும் கற்பித்தலுக்கும் சட்டம் இடம் விட்டிருக்கிறது. தேவையான சிறு பகுதியை, பெயரும் மூலமும் குறிப்பிட்டு மேற்கோள் காட்ட யாரிடமும் கேட்க வேண்டாம். தகவல்களுக்கும் உரிமையாளர் கிடையாது. முழுக் கவிதை, வரைபடம், புகைப்படம் என்று வரும்போதுதான் சிக்கல். அதுவும் ஆய்வேடு நூலாக விற்பனைக்கு வரும்போது. சஞ்சிகையில் வந்த உங்கள் சொந்தக் கட்டுரைக்கும், உரிமையை எழுதிக் கொடுத்திருந்தால், அதன் வெளியீட்டாளரிடமே அனுமதி கேட்க நேரும். ஒப்பமிடும் முன் அந்த உரிமை மாற்றப் படிவத்தை வாசியுங்கள்.

“பரவாயில்ல, போடுங்க” என்று உரிமையாளர் தொலைபேசியில் சொன்னது நாளை சாட்சிக்கு வராது. கடிதம் எழுதுங்கள். எந்தப் படம், எந்த நூலின் எந்தப் பக்கம், உங்கள் நூலின் தலைப்பு, எத்தனை பிரதி, அச்சா மின்னூலா, விற்பனைக்கா இலவசமா என எல்லாம் அதில் இருக்கட்டும். மின்னஞ்சலிலோ வட்ஸ்அப்பிலோ பதில் வந்தாலும் சேமித்து வையுங்கள். பதில் வராவிட்டால் அது சம்மதமல்ல; வேறு படம் தேடுங்கள்.

வேண்டுமென்றே உரிமையை மீறினால் ஆறு மாதம் வரை சிறை, ஐந்து இலட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். வழக்குகள் அரிது என்பதை நம்பி இருக்காதீர்கள். உரிமை தெளிவில்லாத படத்தைப் பதிப்பகம் கடைசி நேரத்தில் நீக்கச் சொல்வதுதான் அடிக்கடி நடக்கிறது. அப்போது பக்க அமைப்பே குலைந்துபோகும்.

உங்கள் படத்தை இன்னொருவர் கேட்காமல் அச்சிட்டிருந்தால், மூலக் கோப்பையும் அந்த நூலின் பிரதியையும் பத்திரப்படுத்திக்கொண்டு முதலில் பதிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். அதற்கும் மசியாவிட்டால் நீதிமன்றத்தில் தடை உத்தரவும் நட்டஈடும் கோரலாம்.