மெஷின் புதுசு, லாபம் யாருக்கு? முதலியார்பேட்டை மில் சொல்லும் பாடம்

கடலூர் ரோட்டில் போகும்போது முதலியார்பேட்டையில் ஏ.எஃப்.டி. மில்லைப் பார்த்திருப்பீங்க. ஊர்க்காரங்களுக்கு அது ரோடியர் மில். 1898-ல் தொடங்கியது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்த மில் சங்கைக் கேட்டு எழுந்து, அந்தச் சம்பளத்தில் வீடு கட்டியிருக்காங்க. அன்னிக்கு மில் வேலைன்னா இன்னிக்கு ஐ.டி. வேலை மாதிரி. அந்த மில் 2020 ஏப்ரல் 30-ல் நிரந்தரமா மூடப்பட்டது.

உங்க சம்பளத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு.

ஏ.எஃப்.டி. மாதிரி பெரிய மில்களின் பலமே, நூற்பு, நெசவு, சாயம் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே இருந்ததுதான். அந்த அளவுக்கு முதல் போட எல்லோராலும் முடியாது. ஆனா ஈரோடு, சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறி பரவினப்போ, வெளியில் நூல் வாங்கி ஒரு சின்ன ஷெட்டிலேயே துணி நெய்ய முடிஞ்சது. செலவும் குறைவு. அப்புறம் பழைய நாடாத் தறியைவிடப் பல மடங்கு வேகமான, நாடா இல்லாத தறிகள் வந்தன. பெரிய மில்லின் பலமே அதுக்குச் சுமையா மாறிடுச்சு. ஏ.எஃப்.டி.யை 1980-களில் அரசு எடுத்து நடத்தியது. 2011 டிசம்பரில் தானே புயலும் அடிச்சது. தொழில்நுட்பம் மட்டுமே காரணம்னு நான் சொல்லலை.

"புது மெஷின் வாங்கியிருந்தா தப்பிச்சிருக்குமே?"ன்னு கேட்பீங்க. அங்கேதான் சூட்சுமம்.

வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்தவேயும் ஒரு பழைய துணி மில்தான். 1985-ல் அவர் நெசவுத் தொழிலையே மூடினார். காரணத்தையும் பங்குதாரர்களுக்கு எழுதினார். ஒவ்வொரு புது மெஷினும் தனியாப் பார்த்தா லாபம் தரும்போலத்தான் இருந்தது. ஆனா போட்டியாளர்களும் அதே மெஷினை வாங்கினாங்க. செலவு எல்லோருக்கும் குறைஞ்சது, துணி விலையும் இறங்கியது. லாபம் வாடிக்கையாளருக்குப் போச்சு. 1981-ல் தலா 5,000 டாலருக்கு வாங்கிய தறிகளை 50 டாலருக்குக்கூட யாரும் கேட்கலை. கடைசியில் 26 டாலருக்குப் பழைய இரும்பாப் போச்சு!

தேய்மானம் கணக்குப் போடுறது என் தொழில். புத்தகத்தில் இருக்கும் மதிப்பு வேற, சந்தையில் கிடைக்கும் விலை வேற என்பதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியலை.

சரி, நாம என்ன செய்யணும்?

முதலில், பங்கு வாங்கும் முன் ஐந்து வருட ஆண்டறிக்கையை எடுங்க. பணப்புழக்க அறிக்கையில் மெஷின், கட்டடத்துக்குச் செய்த செலவைத் தேய்மானத்தோட ஒப்பிடுங்க. செலவு தொடர்ந்து குறைவா இருந்தா, கம்பெனி பழைய மெஷினிலேயே காலம் தள்ளுதான்னு பாருங்க.

இரண்டாவது, செலவு நிறைய செஞ்சும் லாப விகிதம் ஏறலையா? அப்போ போட்டியில் பின்தங்காம இருக்கவே அந்தப் பணம் போகுதுன்னு அர்த்தம். "ஏ.ஐ.யில் முதலீடு செய்கிறோம்"னு நிர்வாகம் சொன்னாலும் இதே கேள்வியைக் கேளுங்க: போட்டியாளரும் வாங்கக்கூடிய கருவியா? அப்படின்னா இவங்ககிட்ட மட்டும் இருக்கறது என்ன?

மூன்றாவதுதான் முக்கியம். சம்பளமும் சேமிப்பும் ஒரே கம்பெனியை நம்பி இருக்கக் கூடாது. உங்க கம்பெனி கொடுத்த பங்குகள் கையில் குவிஞ்சிருந்தா, கொஞ்சம் கொஞ்சமா விற்று வேற இடத்தில் போடுங்க. பி.எஃப். பணம் மாதாமாதம் கட்டப்படுதான்னு பாஸ்புக்கில் பாருங்க. ஆறு மாதச் செலவுக்கான பணம் தனியா இருக்கட்டும்.

மில் சங்கு நிற்கும்னு அன்னிக்கு முதலியார்பேட்டையில் யாரும் நினைச்சிருக்க மாட்டாங்க. நம்ம கம்பெனி நல்லாவே ஓடட்டும். அது ஓடாத நாளுக்கும் நம்ம வீட்டுக் கணக்கு தயாரா இருக்கணும், அவ்வளவுதான்.