பழைய மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க்: நிமிர்த்துவதா, மாற்றுவதா?

யமஹா ஆர்எக்ஸ்இசட் தயாரிப்பு 2011ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஆனாலும் நம் நாட்டுச் சாலைகளில் அதன் சத்தம் இன்னும் ஓயவில்லை. அப்பா ஓட்டிய மோட்டாரை வீட்டுப் பின்புறத்திலிருந்து வெளியே எடுத்து, புதுச் சாயம் பூசி ஓட்டும் இளைஞர்கள் நம்மவர்களிடையே நிறையவே உண்டு. இயந்திரத்துக்கும் சாயத்துக்கும் தாராளமாகச் செலவு செய்யும் பலர், முன் ஃபோர்க்கை மட்டும் கடைசியில்தான் பார்க்கிறார்கள். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரத்தில் பெரும்பகுதியைத் தாங்குவதே அந்த ஃபோர்க்தான். மலேசியாவில் சாலை விபத்துகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். ஆகவே இது அழகு சார்ந்த விஷயம் அல்ல.

உள்ளே என்ன இருக்கிறது?

ஃபோர்க்கின் ஒவ்வொரு காலிலும் குரோம் பூசிய இரும்பு உள் பைப் ஒன்று இருக்கும். அது கீழேயுள்ள அலுமினிய வெளிக்கூட்டுக்குள் ஏறி இறங்கும். உள்ளே ஸ்பிரிங்கும் எண்ணெயும் உண்டு. ஸ்பிரிங் பாரத்தைத் தாங்கும். எண்ணெய் சிறு துளைகள் வழியாக நெருக்கிச் செல்வதால் வண்டி தொடர்ந்து குதிக்காமல் அடங்கும். எண்ணெயை வெளியே விடாமல் பிடித்திருப்பது வெளிக்கூட்டின் வாயிலுள்ள ரப்பர் ஆயில் சீல். இரண்டு பைப்புகளையும் மேலே பிடித்து, ஹேண்டிலோடு இணைப்பது டி-ஸ்டெம்.

கோளாறு எதுவானாலும் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்: எண்ணெய்க் கசிவு, துரு, வளைவு. மூன்றுக்கும் மருந்து வேறு.

எண்ணெய் கசிந்தால்

பைப்பில் எண்ணெய் வளையம் தெரிந்தால் உடனே சீலை மாற்றச் சொல்வார்கள். முதலில் தூசி மறைப்பை மேலே தள்ளிவிட்டுப் பாருங்கள். சில வேளைகளில் சீலின் உதட்டில் மண் சிக்கியிருப்பதே காரணம். பழைய புகைப்பட ஃபிலிம் போன்ற மெல்லிய பிளாஸ்டிக்கை உள்ளே விட்டுச் சுற்றினால் மண் வெளியே வந்துவிடும். அப்படியும் கசிந்தால் சீல் தேய்ந்துவிட்டது என்று பொருள். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுவது நல்லது.

கசிவைச் சின்ன விஷயமாக எண்ணி விட்டுவிடக் கூடாது. வடியும் எண்ணெய் நேராக டிஸ்க் பிரேக்கின் மேல் போகும். எண்ணெய் ஊறிய பிரேக் பேடைத் துடைத்துப் பயன்படுத்த முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

துரு பிடித்திருந்தால்

நம் ஊர் மழையும் கடலோரக் காற்றும் குரோமைச் சும்மா விடுவதில்லை. பைப்பின் மேல் ரப்பர் உறை இருந்தால், அதற்குள் தேங்கும் ஈரம் கண்ணுக்குத் தெரியாமலேயே அரித்துவிடும். இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: துருப் பள்ளம் எந்த இடத்தில் இருக்கிறது?

டி-ஸ்டெம் பிடித்திருக்கும் பகுதியிலோ, சீல் எட்டாத உயரத்திலோ இருக்கும் லேசான துருவைச் சுத்தம் செய்துவிட்டு ஓட்டலாம். சீல் ஏறி இறங்கும் பகுதியில் பள்ளம் இருந்தால், அதன் விளிம்பு ஒவ்வொரு முறையும் சீலைக் கிழிக்கும். புது சீல் போட்டுச் சில வாரங்களில் மறுபடியும் கசிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். நகத்தால் தடவும்போது தட்டுப்படும் பள்ளத்தை மெல்லிய நீர் உப்புத்தாளால் தேய்த்து, எபாக்ஸி பசையால் நிரப்பிச் சமன் செய்பவர்கள் உண்டு. அது தற்காலிகமே. நிரந்தர வழிகள் இரண்டு: பழைய குரோமை எடுத்து, கடின குரோம் பூசி, சரியான அளவுக்குக் கடைந்து வாங்குவது, அல்லது புது பைப் போடுவது. பம்பர்களுக்குப் பூசும் அலங்கார குரோம் இதற்கு உதவாது.

வளைந்திருந்தால்

விழுந்த வண்டியின் ஹேண்டில் ஒரு பக்கமும் சக்கரம் இன்னொரு பக்கமும் நின்றால் பைப் வளைந்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். பல நேரம் டி-ஸ்டெம்முக்குள் பைப்புகள் முறுக்கிக் கொண்டிருக்கும். கீழ்ப் பிடிப்பு போல்ட்டுகளையும் சக்கர அச்சையும் தளர்த்தி, சக்கரத்தை முழங்கால்களுக்கு இடையில் இறுக்கிப் பிடித்து ஹேண்டிலைத் திருப்பினால் நேராகிவிடும். அதற்கு ஒரு சென்கூடச் செலவில்லை.

நேராக மோதிய வண்டியின் கதை வேறு. பைப் பெரும்பாலும் கீழ் டி-ஸ்டெம்முக்குச் சற்றுக் கீழே, பின்புறமாக வளையும். பைப்பைக் கழற்றித் தடித்த கண்ணாடியின் மேல் உருட்டுங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்து தெரிந்து மறைந்தால் வளைவு உண்டு. சரியான அளவு வேண்டுமானால் வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜால் அளக்க வேண்டும். பல வண்டிகளின் பட்டறைக் கையேடுகள் சொல்லும் எல்லை 0.2 மில்லிமீட்டர்.

லேசான வளைவை, சூடு காட்டாமல், அழுத்த இயந்திரத்தில் நிமிர்த்த முடியும். நெருப்பில் காய்ச்சி நிமிர்த்தித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். சூடுபட்ட இரும்பு வலுவை இழக்கும், குரோமும் கெடும். வளைந்த இடத்தில் குரோம் வெடித்திருந்தால், மடிப்பு விழுந்திருந்தால், அல்லது பைப் நசுங்கியிருந்தால் அதை நிமிர்த்தவே கூடாது. ஏற்கெனவே ஒரு முறை நிமிர்த்திய பைப்பும் அப்படித்தான். அது அடுத்த பள்ளத்தில் எச்சரிக்கை இல்லாமல் முறியலாம்.

பைப்பைப் பார்த்த கையோடு டி-ஸ்டெம், கோன் பேரிங், சட்டத்தின் கழுத்துப் பகுதி மூன்றையும் சோதிக்கச் சொல்லுங்கள். கழுத்தில் சாயம் சுருங்கியோ வெடித்தோ இருந்தால் சட்டமே வளைந்திருக்கலாம். அந்த வண்டிக்குப் புது ஃபோர்க் போட்டும் பயனில்லை.

மாற்றுவதானால்

பழைய பைப்பையும் கையோடு கொண்டு போய், நீளம், விட்டம், மூடியின் மறை ஆகிய மூன்றையும் கடையிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய பாகமாக வாங்கினால் கண்ணாடியில் உருட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

வேறு வண்டியின் ஃபோர்க்கை அப்படியே மாட்டும் பழக்கமும் இருக்கிறது. நீளம் குறைந்தால் வண்டியின் முன்பக்கம் தாழ்ந்து, ஹேண்டில் பதற்றமாகத் திரும்பும். மேலும், சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதியின்றி வண்டியின் அமைப்பை மாற்றினால் சட்டச் சிக்கலும் வரும்.

வீட்டிலேயே கழற்றுபவர்கள் கவனிக்க வேண்டியவை:

• மேல் மூடிக்குக் கீழே ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கிறது. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி, முகத்தை விலக்கி வைத்துக்கொண்டு மெதுவாகத் திருகுங்கள்.

• கையேடு சொல்லும் ஃபோர்க் எண்ணெயையே ஊற்றுங்கள். ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, ஃபோர்க்கை முழுதாக அமுக்கி, இரண்டு கால்களிலும் எண்ணெய் மட்டம் ஒன்றாக இருக்கிறதா என்று அளந்து பாருங்கள்.

• கடைசியில் அச்சை இறுக்கும் முன், முன்பக்கத்தைச் சில முறை அமுக்கி விடுங்கள். கால்கள் தாமாகவே நேராகும், பிறகு இறுக்குங்கள்.

• பழைய எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். பட்டறையில் கொடுத்தால் வாங்கிக் கொள்வார்கள்.

பட்டறையில் கொடுப்பவர்கள் மூன்று கேள்விகள் கேட்டால் போதும்: பைப்பை அளந்தீர்களா, எவ்வளவு வளைவு, கழற்றிய பாகங்களைக் காட்ட முடியுமா? நேர்மையான மெக்கானிக் இவற்றுக்குக் கோபப்பட மாட்டார்.

வேலை முடிந்ததும் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை அமுக்கிப் பாருங்கள். ஃபோர்க் தடையின்றி இறங்கி, ஒரே சீராக எழுந்து, ஒரு முறையோடு அடங்க வேண்டும். சிக்கினாலோ, டக்கென்று தட்டினாலோ, அன்று நெடுஞ்சாலைக்கு எடுக்காமல் மறுபடியும் பட்டறைக்கே கொண்டு போங்கள்.